கல்லில் வெட்டப்போகும் அந்த ஒரு வரியை விட்டுவிடுங்கள்

நம் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களுக்கும், குழு உறுப்பினர்களுக்கும், அந்தப் பள்ளியில் படித்து இன்று பல ஊர்களில் இருக்கும் முன்னாள் மாணவ மாணவியருக்கும் பணிவான வணக்கம்.

பழைய ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் எழும்பியிருக்கும் புதிய வகுப்பறைக்கு எங்கள் அம்மாவின் பெயரை வைப்பது என்று நீங்கள் கூடி முடிவெடுத்ததற்கும், வாசலில் பதிக்கப்போகும் கருங்கல்லின் வாசகத்தையும் நினைவு மலரின் அச்சுப்படியையும் எனக்கும் தம்பிக்கும் முன்கூட்டியே அனுப்பி வைத்ததற்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை அனுப்பியிருப்பதும், பீடிக் கூலியில் வாழும் வீடுகளிலிருந்துகூட நூறும் இருநூறுமாகக் காசு வந்திருப்பதும் கணக்கைப் பார்த்தபோது தெரிந்தது. அம்மா இருந்திருந்தால் அந்தக் கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, பிறகுதான் கண் கலங்கியிருப்பார்.

கல்லின் வாசகத்தில் அம்மாவின் பெயர், இடைநிலை ஆசிரியை, பிறகு தலைமை ஆசிரியை என்ற பதவிகள், 1976 முதல் 2012 வரை என்ற பணிக்காலம் ஆகிய யாவும் சரியாக இருக்கின்றன. அவற்றின் கீழே, ‘பெற்ற பிள்ளைகளை மறந்து ஊர்ப் பிள்ளைகளை வளர்த்த தாய்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். இதைத் தலைவரிடம் தனியாகச் சொன்னால் குடும்பத்தாரின் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு, ‘அதெல்லாம் இருக்கட்டும்’ என்று அன்போடு மறுத்துவிடுவீர்கள். தன்னடக்கத்தால் நான் கேட்கவில்லை. கல் ஊருக்குச் சொந்தமானது என்பதால், அதில் ஒரு வரி ஏன் வரக்கூடாது என்பதும் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த வரியை எழுதியவர்கள் அதைப் பெரும் பாராட்டாக நினைத்தே எழுதினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது நடந்ததைச் சொல்லவில்லை. நடக்காத ஒன்றை ஒருவரின் பெயருக்குக் கீழே கல்லில் வெட்டிவிட்டால், நாங்கள் போன பிறகு அதைத் திருத்த ஆளிருக்காது.

அம்மா பள்ளிக்கு என்ன செய்தார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும், அந்த வேலையின் தன்மையை மலரின் கட்டுரைகள் சரியாகப் பிடித்திருக்கின்றனவா என்ற கேள்வி எனக்கு இருப்பதால் கொஞ்சம் சொல்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பாளையங்கோட்டையில் இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சி பெற்று, 22 வயதில் அம்மா நம் பள்ளியில் சேர்ந்தார். அன்று அவர் ஒன்றியத்தின் ஊழியர். ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானது 1981 ஜூன் முதல் தேதியில்தான். ஐந்து வகுப்புக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். ஒரே அறையில் ஒன்றாம் வகுப்பு மணலில் எழுதிக்கொண்டிருக்க, மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, இரண்டாம் வகுப்பு சிலேட்டோடு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்ததை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

எண்பதுகளில் நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றதற்குக் கல்யாணத்தைவிடப் பீடித் தட்டே பெரிய காரணமாக இருந்தது. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் போலவே நம் ஊரிலும் வயல் வேலை இல்லாத மாதங்களில் அடுப்பு எரிந்தது பெண்களின் பீடிக் கூலியில்தான். இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்து வெட்டி, தூளைப் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி ஆயிரம் பீடி முடிக்க ஒரு பெண்ணுக்கு விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஆகிவிடும். பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்து முனை மடக்கிக் கொடுத்தால் பொழுதோடு முடியும். ஒன்பது வயது, பத்து வயது விரல்களுக்கு அந்த வேலை நன்றாக வரும் என்பதுதான் கொடுமை.

ஒரு பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் நான்காம் நாள் சாயங்காலம் அம்மா அந்த வீட்டு நடையில் உட்கார்ந்திருப்பார். படிப்பைப் பற்றி எடுத்த எடுப்பில் பேசமாட்டார். தூள் எப்படி வருகிறது, ஏஜெண்ட் இந்த வாரம் எவ்வளவு கழித்தார் என்று பேச்சு தொடங்கும். ‘மூத்தவள அனுப்பிட்டா தட்டு எப்படி டீச்சர் நகரும்?’ என்று அந்த வீட்டம்மா கேட்பார். ‘மணி அடிக்கிற வரைக்கும் எங்கிட்ட விடு தாயீ. மத்தியானம் அங்கனயே சோறு தின்னுட்டு இருக்கட்டும். சாயந்தரம் அவ தட்டுல உக்காருறப்ப நானும் வந்து உக்காருதேன்’ என்பார் அம்மா. 1982 ஜூலையில் சத்துணவு வந்த பிறகு அந்த ஒரு வேளைச் சோறு அவருடைய வாதத்துக்குப் பெரிய துணையாக இருந்தது. சொன்னபடியே சாயங்காலம் போய் உட்கார்ந்தும்விடுவார்.

அப்படி உட்கார்ந்த இடத்தில்தான் 25-ஆம் வாய்ப்பாடு பிறந்தது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் பதினாறோடு நிறுத்திக்கொள்வார்கள். பீடிக் கட்டுக்கு இருபத்தைந்து என்பதால் நம் ஊர் நான்காம் வகுப்பில் 25-ஆம் வாய்ப்பாடும் உண்டு. நான்கு கட்டு நூறு, நாற்பது கட்டு ஆயிரம் என்று கட்டுகளை அடுக்கி வைத்தே சொல்லிக் கொடுத்தார். பிறகு கழிவு போக மிச்சத்தைக் கணக்கிடச் சொன்னார். ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளை தன் அம்மாவின் பாஸ் புத்தகத்தில் ஏறாமல் விட்டுப்போன மூன்று கட்டுகளைக் கண்டுபிடித்துச் சொன்னதும், மறுநாளே அந்தத் தெருவிலிருந்து இரண்டு பிள்ளைகள் கூடுதலாகப் பள்ளிக்கு வந்ததும் நம் ஊரில் நடந்தவை. அந்த நான்காம் வகுப்புப் பிள்ளையின் மகள் இன்று உங்கள் குழுவில் இருக்கிறார். இந்தச் செய்தி மலரில் ஓர் இடத்திலும் இல்லை. ‘கருணைக் கடல்’, ‘பொறுமையின் சிகரம்’ என்ற சொற்கள் பல பக்கங்களில் இருக்கின்றன. கருணை அவரிடம் இருந்தது. ஆனால் கருணையால் மட்டும் ஒரு பிள்ளையைத் தட்டிலிருந்து எழுப்பிவிட முடியாது. அந்த வீட்டின் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது, அதை மாற்றவும் தெரிந்திருந்தது. அம்மாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய மனத்தைப் புகழ்கிற அளவுக்கு அவருடைய தொழில் திறமையையும் புகழ வேண்டும் என்பது என் ஆசை.

ஐந்தாம் வகுப்பு முடித்துப் போன பெண்பிள்ளைகள் அடுத்த பள்ளியில் சேர்ந்தார்களா, எட்டைத் தாண்டினார்களா, பத்தில் எழுதினார்களா என்று அவர் ஒரு நோட்டில் எழுதி வந்தார். அது எந்த அதிகாரியும் கேட்காத நோட்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் வந்தபோது அதே நோட்டின் பின்பக்கத்தில் அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் பெயரும் ஏறியது. மலருக்காக அந்த நோட்டுகளைப் படம் எடுத்துக்கொள்ளக் கேட்டிருந்தீர்கள். அவற்றில் பிள்ளைகள் நின்றுபோன காரணங்களும் இருக்கின்றன. அவை அந்தந்த வீட்டுச் செய்திகள். தங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு எப்போதும் வரலாம். அச்சிடுவதற்கு மட்டும் தரமாட்டேன். அம்மாவும் தந்திருக்க மாட்டார்.

இனி எங்கள் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வரி எங்கள் வீட்டைப் பற்றியது.

நான் 1980-இலும் தம்பி 1984-இலும் பிறந்தோம். அந்நாளில் அரசு ஊழியரான பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பு 90 நாள்தான். அது 2011-இல் ஆறு மாதமாகவும், 2016-இல் ஒன்பது மாதமாகவும், 2021-இல் ஓராண்டாகவும் உயர்ந்தது. அம்மாவுக்கு அவற்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. தம்பிக்கு மூன்று மாதம் முடிந்ததும் அம்மா பள்ளிக்குப் போயாக வேண்டியிருந்தது. ஆச்சி காலை இடைவேளைக்கு ஒரு முறையும் மத்தியானம் ஒரு முறையும் தம்பியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து பள்ளிக்கு வருவார். சத்துணவுக் கூடத்தின் பின்புறம், விறகு அடுக்கியிருந்த மூலையில் சாக்கைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டி, அங்கே உட்கார்ந்து அம்மா பால் கொடுப்பார். புகை வரும் என்று சத்துணவு ஆயா அந்த நேரத்துக்கு மட்டும் ஈர விறகை அடுப்பிலிருந்து இழுத்து வைத்துவிடுவார். மணி அடித்தால் மாராப்பைச் சரிசெய்துகொண்டு வகுப்புக்கு ஓட வேண்டும். பிள்ளையை மறந்த ஒருத்திக்கு இவ்வளவு பாடு எதற்கு?

அப்பா விக்கிரமசிங்கபுரம் ஆலையில் ஷிப்டு வேலை பார்த்தவர். இரவு ஷிப்டு முடிந்து காலையில் வந்ததும் குளித்துவிட்டு ஆட்டுரலில் உட்கார்ந்து மாவாட்டுவார். ஆம்பளை ஆட்டுரலில் உட்காரலாமா என்று தெருவில் பேசினார்கள். அப்பா அதற்குப் பதிலே சொன்னதில்லை, மறுநாளும் உட்கார்ந்தார். நாங்கள் வளர்ந்ததற்கு ஆச்சியும் அப்பாவும் அந்த ஆயாவும் காரணம் என்பதை அம்மா தன் பணி நிறைவு விழாவில், 2012 மே மாதத்தில், உங்கள் முன்னால் நின்று சொன்னார். அவர் பேசியதில் பாதி அதுவாகத்தான் இருந்தது. மலரில் அந்த விழாவின் படங்கள் இருக்கின்றன, அந்தப் பேச்சு இல்லை.

சாயங்காலம் வீடுவீடாகப் போய்விட்டு அம்மா திரும்பும்போது சில நாள் நன்றாக இருட்டிவிடும். நாங்கள் காத்திருந்தோம் என்பது உண்மை. தம்பி சில நாள் அழுதுகொண்டே தூங்கியிருக்கிறான் என்பதும் உண்மை. அதை மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் வந்து, கால் கழுவி, ஒரு டம்ளர் நீராகாரம் குடித்த பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். தார்சாவில் விளக்கடியில் என்னை முன்னால் உட்காரவைத்து, பேன்சீப்பை எடுத்துத் தலை பார்ப்பார். பள்ளிக்கூடத்துப் பேன் முழுவதும் என் தலையில்தான் குடியிருக்கும் என்பார். சீப்பு காதோரம் இழுபடும்போதெல்லாம், ‘இன்னைக்கு யாருகூடட்டி சண்ட?’ என்று கேட்பார். சண்டை போட்டதை மட்டும் கேட்டுவிட்டு விடமாட்டார். யார் முதலில் என்ன சொன்னது, அதற்கு நான் என்ன சொன்னேன், அவள் முகம் எப்படி இருந்தது என்று வரிசையாகக் கேட்பார். அந்த அரை மணி நேரத்தில் வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும், ‘பிள்ளைக்குத் தல பாத்துக்கிட்டு இருக்கேன், பொறவு வாங்க’ என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பார், எழுந்திருக்க மாட்டார். அப்படிக் காத்திருந்து போனவர்களில் சிலர் இப்போது மலரில் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு இது நினைவில் இருக்கும்.

நானும் தம்பியும் அவரிடமே படித்தவர்கள். பள்ளிவாசலைத் தாண்டினால் எங்களுக்கும் அவர் டீச்சர்தான். அம்மா என்று கூப்பிடக்கூடாது என்பது எங்கள் மூவருக்குள் இருந்த ஒப்பந்தம். ‘மற்ற பிள்ளையளுக்கு இங்கன அம்மா இல்லல்லா, அவங்களுக்கு ஏக்கமா இருக்கும்’ என்று அதற்கு ஒரு காரணம் சொல்வார். அந்தக் காரணம் எனக்கு ஏழு வயதிலேயே புரிந்தது. ஒரு தாய் தன் பிள்ளைக்கு இப்படி ஒன்றைச் சொல்லிப் புரியவைத்திருக்கிறார் என்றால், அவர் பிள்ளையை எவ்வளவு நன்றாக அறிந்தவர் என்பதுதான் எனக்குத் தோன்றும்.

மலரில் இருக்கும் இரண்டு செய்திகளைத் திருத்தியாக வேண்டும். ’36 ஆண்டுகளில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்’ என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு இருக்கிறது. விடுப்பு எடுத்தார். தம்பிக்கு அம்மை போட்டபோது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வீட்டிலேயே இருந்தார். எனக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நடந்தபோது கணக்குத் தேர்வன்று விடுப்பு எடுத்து என்னோடு தேர்வு மையம் வரை வந்தார். விடுப்பு விண்ணப்பத்தில் ‘மகளின் தேர்வு’ என்றே காரணம் எழுதினார். தலைவலி, காய்ச்சல் என்று எழுதவில்லை. அவருக்கு உரிமையுள்ள விடுப்பு அது. அதை எடுத்தது அவருடைய பணிக்கு எந்தக் குறையும் இல்லை.

இரண்டாவது, 1992 நவம்பர் வெள்ளம். தாமிரபரணி கரை புரண்டு ஊருக்குள் வந்தபோது, ‘தன் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிப் பதிவேடுகளைக் காப்பாற்ற ஓடினார்’ என்று மலரில் எழுதியிருக்கிறது. சேர்க்கைப் பதிவேடுகளை அவர் காப்பாற்றியது உண்மைதான். பீடித் தொழிலாளர் அடையாள அட்டைக்கும் முதியோர் உதவித் தொகைக்கும் வயதுச் சான்று கேட்டு வருகிறவர்களுக்கு இன்றும் அந்தப் பதிவேடுகளைப் பார்த்துத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் நடந்த வரிசை வேறு. எனக்குப் பன்னிரண்டு வயது, எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. கீழத்தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் அம்மா முதலில் எங்களைத்தான் கையில் பிடித்தார். மேட்டுத் தெருவில் அப்பாவின் அக்கா வீட்டு மச்சில் எங்களையும் ஆச்சியையும் ஏற்றிவிட்டு, ஆச்சியின் கையில் என் கையை வைத்து, ‘நான் வார வரைக்கும் எறங்கக்கூடாது’ என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் பள்ளிக்கூடத்துச் சாவியோடு போனார். போகும்போது அத்தையின் மகனையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். பதிவேடுகளைச் சாக்கில் போட்டுக் கட்டித் தலையில் சுமந்து வந்தவர் அந்த அத்தான். துணிச்சலுக்கு இது போதாதா? பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போயிருந்தால்தான் துணிச்சல் கூடுமா?

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. அதை வேண்டுமென்றே விட்டிருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. நினைவு மலரில் போடும் செய்தியல்ல என்று கருதியிருக்கலாம். 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பறிக்கப்பட்ட சலுகைகளுக்காக நடத்திய வேலைநிறுத்தத்தில் அம்மா கலந்துகொண்டார். ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்களே, அவர்களில் அம்மாவும் ஒருவர். நான் அப்போது பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பெரும்பாலானவர்கள் மீண்டும் சேர்க்கப்பட்டபோது அம்மாவும் பள்ளிக்குத் திரும்பினார். இடைப்பட்ட நாள்களில் என் விடுதிக் கட்டணத்துக்காகச் சங்கிலி அடகுக்குப் போனது. ‘இத்தன வருசம் வேலை பாத்துட்டு இப்ப எதுக்கு டீச்சர் உங்களுக்கு இந்தப் போராட்டமெல்லாம்?’ என்று ஒருவர் கேட்டதற்கு, ‘வேல பாத்ததுக்குத்தானய்யா கேக்கேன்’ என்று அம்மா சொன்னதை அப்பா அடிக்கடி சொல்லிக் காட்டுவார். சம்பளமும் ஓய்வூதியமும் பெறுகிற ஓர் உழைப்பாளி தான் என்ற தெளிவு அம்மாவுக்கு இருந்தது. அந்தச் சம்பளத்தில்தான் நானும் தம்பியும் படித்தோம். நம் பள்ளிக்கு வாங்கிப் போட்ட சிலேட்டுகளும் அந்தச் சம்பளத்தில் வந்தவைதான்.

இவ்வளவும் எழுதுவது அம்மாவின் பெயருக்காக மட்டும் அல்ல. அம்மாவின் முதலாண்டு நினைவு நாளன்று பள்ளியில் நடந்த கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். இப்போது நம் பள்ளியில் வேலை பார்க்கும் இளைய ஆசிரியை தினமும் பாளையங்கோட்டையிலிருந்து பேருந்தில் வருகிறார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. கூட்டம் முடிந்தபோது பெரியவர் ஒருவர் அவரிடம், நல்ல மனத்தோடுதான், ‘நீங்களும் எங்க பெரிய டீச்சர் மாதிரி இருக்கணும்மா. அவங்க வீட்டையே நெனச்சதில்ல’ என்று சொன்னார். அந்த ஆசிரியை ‘சரிங்க ஐயா’ என்று சொல்லிவிட்டுக் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றார். கடைசியாகப் பாளைக்குப் போகும் நேரடிப் பேருந்து போய்விடும் என்று அவருக்குக் கவலை இருந்திருக்கும். அவசரப்பட்டால் வீட்டை நினைப்பதாக ஆகிவிடுமே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வரி வகுப்பறை வாசலில் கல்லாக நின்றால், அவர் நாள்தோறும் நான்கு மணிக்கு அதைக் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்குப் பின்னால் வரப்போகும் ஆசிரியைகளும் அப்படியே. பிள்ளைக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலிக்க உட்கார்ந்து பாடம் நடத்திய ஒருத்தியின் பெயரை வைத்து, அதே நிலையில் இருக்கும் இன்னொருத்தியைக் குற்றவாளியாக்குவது எந்த வகையில் அம்மாவுக்குச் செய்யும் மரியாதை?

நம் பள்ளியில் ஆண் ஆசிரியர்களும் பலர் இருந்து ஓய்வுபெற்றிருக்கிறார்கள். மிக நல்ல ஆசிரியர்கள் அவர்கள். அவர்களில் ஒருவருடைய பணி நிறைவு விழாவிலும், அவர் பெற்ற பிள்ளைகளை நினைத்தாரா மறந்தாரா என்று பேசப்பட்டதை நான் கேட்டதில்லை. அம்மாவின் விழாவில் மட்டும் மூன்று பேர் பேசினார்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அதன்படிதான் இருக்கிறீர்கள். மடியில் பிள்ளையோடு கூட்டத்துக்கு வருகிறவர்கள் உங்களில் உண்டு. பீடி சுற்றுகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், திருநெல்வேலியில் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்கள் உண்டு. வேலைக்குப் போகிற பெண் தன் பிள்ளையை மறந்தால்தான் அந்த வேலைக்கு மதிப்பு என்று உங்களிடம் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? கல்லின் வாசகத்தைக் குழு இன்னொரு முறை பார்க்கும்போது, உங்கள் ஒவ்வொருவரின் பெயரையும் அந்த வரிக்கு மேலே வைத்துப் படித்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

கல்லில் பெயர், பதவி, பணிக்காலம் ஆகியவை மட்டும் போதும். இன்னொரு வரி இருந்தே ஆக வேண்டும் என்று முன்னாள் மாணவர்கள் விரும்பினால், ‘ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பெண்பிள்ளைகளை மீண்டும் பள்ளிக்கு அழைத்து வந்தவர்’ என்று வெட்டலாம். அது உண்மை, அதற்குச் சாட்சிகள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மலரின் முதல் பக்கத்தில் அம்மாவின் படத்தோடு ஆச்சியின் படத்தையும் சத்துணவு ஆயாவின் படத்தையும் சேர்த்துப் போட வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தின் விருப்பம். ஆயாவின் வீட்டில் தனிப் படம் எதுவும் இல்லை. 1989-இல் சத்துணவில் முட்டை போடத் தொடங்கிய பிறகு எடுத்த குழுப் படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது, அதில் கையில் கரண்டியோடு ஓரத்தில் நிற்கிறார். அதைப் பெரிதுபடுத்திக்கொள்ளலாம்.

நன்கொடையில் கட்டடத் திறப்பு விழாச் செலவு போக மிச்சம் இருக்கும் என்று பொருளாளர் சொன்னார். வரவேற்பு வளைவு கட்டலாம் என்ற பேச்சும் காதில் விழுந்தது. வளைவு வேண்டாம். புதிய வகுப்பறையின் பின்பக்கம் சுவரை ஒட்டி எட்டுக்கு எட்டில் ஓர் அறை போட இடம் இருக்கிறது. உள்தாழ்ப்பாள் உள்ள கதவு, ஒரு மின்விசிறி, தண்ணீர்க் குழாய், கூரையில் தொட்டில் கட்ட ஓர் இரும்புக் கொக்கி ஆகியவற்றோடு அதைக் கட்டினால், பிள்ளை பெற்ற ஆசிரியைகளுக்கும் சத்துணவுப் பணியாளர்களுக்கும் உதவும். கைக்குழந்தையோடு கூட்டத்துக்கு வரும் தாய்மாருக்கும் உதவும். ஒன்றியத்தில் அனுமதி வாங்குவதற்கு அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலைத் தம்பி ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். பணம் போதாவிட்டால் அம்மாவின் ஓய்வூதியக் கணக்கில் கிடந்த தொகையிலிருந்து நாங்கள் ஈடுகட்டுகிறோம்.

பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிக்க வந்த அன்று வருத்தப்பட்டவர்கள் பலர். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதான பள்ளிக் கட்டடங்களை மாநிலமெங்கும் இடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, ‘உங்க நினைவா அந்தச் சுவத்தையாவது விட்டு வைப்போமா டீச்சர்?’ என்று நீங்களே கேட்டீர்கள். ‘பிள்ளையள் நடமாடுற எடத்துல நெனப்புக்காக எதையும் விட்டு வைக்காதீங்க. ஆகாததுன்னா எடுத்துருங்க’ என்று அவர் சொன்னார். அந்த வரியைப் பற்றியும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார்.

கல் வெட்டக் கொடுத்திருக்கும் மயிலாடிப் பட்டறையில் வரும் வாரம் எழுத்து வேலை தொடங்குகிறது என்று தெரிகிறது. அதற்குள் குழுவைக் கூட்டி முடிவெடுத்து, திருத்திய வாசகத்தை அவர்களுக்கு அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். வரி ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தால் வேறு கல்லுக்கு ஆகும் செலவு எங்களுடையது. திறப்பு விழாவுக்கு நானும் தம்பியும் எங்கள் பிள்ளைகளும் முதல் நாளே ஊருக்கு வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
டீச்சரின் மகள்